ஆறு வயதுக்குப் பிறகும் மாண்டிசோரி: அதன் பின்னால் இருக்கும் எண்ணம் என்ன?

கரூர் அப்பா | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். என் மகள் மூன்று வயதிலிருந்து மாண்டிசோரிப் பள்ளியில் இருக்கிறாள். வருகிற ஜூனில் ஆறு முடிகிறது. அதே பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து எலிமென்டரி நடத்துகிறார்கள். அதில் தொடர விடலாமா, வேறு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு. "விளையாடினது போதும், இனிமேல் படிக்கட்டும்" என்கிறார் என் அப்பா.

கட்டணம், ரிசல்ட் பற்றியெல்லாம் நானே விசாரித்துவிட்டேன். எனக்குப் பிடிபடாதது இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம்தான். பள்ளியில் கேட்டால் முழுமையான வளர்ச்சி என்கிறார்கள். எல்லாப் பள்ளி நோட்டீஸிலும் அதே வரி இருக்கிறது. இங்கே அது என்ன அர்த்தத்தில் வருகிறது? ஆறு வயதுக்கு மேல் என்னவாக மாறுகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எண்கணக்கு | ஞாயிறு, இரவு 9.34

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. 1967-லேயே அமெரிக்க வணிகக்குறி வாரியம் அது பொதுப்பெயர் என்று முடிவு செய்துவிட்டது. நம் ஊரில் எல்.கே.ஜி. நடத்தும் யாரும் அந்தப் பெயரை போர்டில் எழுதிக்கொள்ளலாம், எழுதுகிறார்கள். அதனால் தத்துவம் பற்றிப் பேசுபவர்கள், எது இருந்தால் அது மாண்டிசோரி, எது இல்லாவிட்டால் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன?

உப்புத்தாள் | ஞாயிறு, இரவு 11.05

கரூர் சார், நான் மாண்டிசோரி ஆசிரியை. சின்னப் பிள்ளைகள் வகுப்பிலும் எலிமென்டரியிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். டாக்டர் முதலில் நோயாளியைப் பார்க்கிறார், அப்புறம்தான் எதுவும் செய்கிறார். அந்தப் பழக்கத்தோடுதான் அவர் பிள்ளைகளிடம் வந்தார். 1907 ஜனவரியில் ரோமின் சான் லோரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்பதுதான் வீட்டு உரிமையாளர்களின் கவலை. யாரும் அங்கே கல்விப் புரட்சி எதிர்பார்க்கவில்லை.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் இருக்கும் குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவள் கவனம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க, மற்ற பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாட வைத்தார் மாண்டிசோரி. பிறகு நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். 40 முறைக்கு மேல் செய்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல நிமிர்ந்து பார்த்தாள். யாரும் சொல்லித் தொடங்கவில்லை, யாரும் சொல்லி நிறுத்தவும் இல்லை.

நீங்கள் கேட்ட எண்ணம் இதிலிருந்து பிறந்ததுதான். பிள்ளை தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அந்தந்த வயதில் அதற்குள் ஒரு தேடல் இருக்கிறது: ஒரு வயதில் மொழி, ஒரு வயதில் ஒழுங்கு, ஒரு வயதில் கையின் நுணுக்கம். பெரியவர் செய்ய வேண்டியது அந்தத் தேடலுக்குத் தீனி இருக்கும் அறையைத் தயார் செய்து, ஒவ்வொரு பொருளையும் எப்படிக் கையாள்வது என்று காட்டிவிட்டு, விலகி நின்று பார்ப்பது. விலகி நிற்பதுதான் எங்களுக்குப் பயிற்சியிலேயே கடினமான பாடம். பிள்ளை தடுமாறும்போது கை தானாக நீளும். அதை அடக்கக் கற்றுக்கொள்ளாதவர் எத்தனை மெட்டீரியல் வாங்கி அடுக்கினாலும் அது மாண்டிசோரி அறை ஆகாது.

மெட்டீரியலும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருக்கும். உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும், அல்லது நுழையாது. 'தப்பு' என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. அறையில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொருத்தி வைத்திருந்தால் அவள் முடித்து அலமாரியில் வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமையைப் பற்றித் தனியாக நீதி போதனை தேவைப்படுவதில்லை. ஸ்டார், பரிசு, ரேங்க் எதுவும் கிடையாது. தொடர்ந்து இரண்டரை, மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் விட வேண்டும்.

எண்கணக்கு சார் கேட்டதற்கு என் பதில் இது: கலந்த வயது, இடையில் வெட்டாத நேரம், தேர்வு செய்யும் உரிமை, பயிற்சி பெற்றுப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் போர்டில் மட்டும்தான் மாண்டிசோரி இருக்கிறது.

ஆறு வயதுக்கு மேல் என்ன என்பதை நாளை எழுதுகிறேன். அது பெரிய விஷயம்.

காரைக்குடி ஆச்சி | திங்கள், காலை 6.20

டீச்சரம்மா, நன்றாகச் சொன்னீர்கள். ஒரு சந்தேகம். என் பேத்தி படிக்கிற மாண்டிசோரியில், பேசுகிற காக்கா, நரி கதையெல்லாம் இந்த வயதில் வேண்டாம் என்று சொன்னார்களாம். எங்கள் வீட்டில் வடை சுட்ட பாட்டி வராமல் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. கதையைப் பிடுங்கிவிட்டு அதை எப்படி முழுமை என்பது? எனக்கு மனது ஒப்பவில்லை.

உப்புத்தாள் | திங்கள், மதியம் 1.15

ஆச்சி, உங்கள் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிஜம் எது, கற்பனை எது என்று பிரிக்கத் தெரியாது, அதனால் முதலில் நிஜ உலகத்தைக் கண்ணாலும் கையாலும் நிறைத்துக்கொள்ளட்டும் என்று மாண்டிசோரி நினைத்தார். பொம்மை அடுப்பும் நிஜ வேலையும் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் நிஜ வேலைக்குப் போவதையும் அவர் பார்த்திருந்தார். நிஜக் கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்க விட்டால் எந்தப் பிள்ளையும் பிளாஸ்டிக் காய்கறியைத் தொடுவதில்லை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பாவனை விளையாட்டுக்கும் கதைக்கும் அந்த வயதில் அவர் கொடுத்த இடம் மிகவும் குறுகியது என்பது என் கருத்து. வடை சுட்ட பாட்டியை நிறுத்தாதீர்கள். காக்கா பேசாது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நேர் எதிரான இன்னொரு மரபும் இருக்கிறது. 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய பள்ளி. அங்கே ஏழு வயது வரை எழுத்தே முறையாகச் சொல்லித்தர மாட்டார்கள். கதையும் பாட்டும் பாவனையும்தான் சாப்பாடு. இரண்டு பேரும் முழுமை என்றுதான் சொன்னார்கள். பிள்ளை யார் என்பதில் வேறுபட்டார்கள். அதனால் கரூர் சார், ஒரு பள்ளி முழுமை என்று சொன்னால், பிள்ளையை நீங்கள் என்னவாக நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

கரூர் அப்பா | திங்கள், மாலை 6.48

நன்றி மேடம். இரவு எழுதப்போவதற்குக் காத்திருக்கிறேன். மூன்று வருடமாக மகள் காலையில் எழுந்ததும் பள்ளிக்குக் கிளம்புகிறாள், அது ஏன் என்று இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

உப்புத்தாள் | திங்கள், இரவு 10.30

ஆறு வயதில் பால்பல் விழத் தொடங்குவதோடு பிள்ளையே மாறிவிடுகிறது. மாண்டிசோரி வளர்ச்சியை ஆறு ஆறு வருடமாக நான்கு கட்டமாகப் பிரித்து 24 வயது வரை கொண்டுபோகிறார். முதல் கட்டத்தில் பிள்ளை கேட்பது 'இது என்ன?'. இரண்டாம் கட்டத்தில் 'ஏன்? எப்படி? அது நியாயமா?'. இந்த வயதுப் பிள்ளைகள் ஓயாமல் புகார் சொல்வார்கள்: "டீச்சர், அவன் வரிசையில் நிற்கவில்லை." நாம் கோள் மூட்டுகிறான் என்று அதட்டுகிறோம். அவன் தெரிந்துகொள்ள வருவது எது சரி, எது தவறு என்பதை. கூட்டம் சேர்வார்கள், தங்களுக்குள் சட்டம் போட்டுக்கொள்வார்கள், யாராவது ஒருவரை ஹீரோவாக வைத்துக் கொண்டாடுவார்கள். கற்பனை அப்போதுதான் இறக்கை விரிக்கிறது. கண்ணால் பார்க்க முடியாத காலத்தையும் தூரத்தையும் அது தேடிப் போகிறது.

அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சின்னத் தட்டில் பாடத்தைத் துண்டு துண்டாக வைத்தால் பசி அடங்காது என்பதுதான் மாண்டிசோரியின் துணிச்சலான முடிவு. முழுப் பிரபஞ்சத்தையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றார். அதற்குத்தான் ஐந்து பெரிய கதைகள்: பிரபஞ்சமும் பூமியும் உருவானது, உயிர் வந்தது, மனிதர் வந்தது, எழுத்து பிறந்தது, எண் பிறந்தது. கதையோடு சோதனைகளும் உண்டு. அடர்த்தி வேறுபட்ட திரவங்கள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்காக நிற்பதைப் பிள்ளை பார்க்கும்போது, பூமியின் அடுக்குகளைப் பற்றித் தானே கேட்கும். பல மீட்டர் நீளக் கறுப்புத் துணியைத் தரையில் விரித்துக்கொண்டே போவோம், பூமியின் வயது முழுவதும் அது. கடைசியில் ஒரு நூல் அகல வெள்ளைப் பட்டை, அதுதான் மனிதர். எட்டு வயதுப் பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அமைதியை நான் வேறு எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

இதற்குப் பெயர் காஸ்மிக் எஜுகேஷன், பிரபஞ்சக் கல்வி. பிரபஞ்சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஒவ்வொன்றும் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே மற்றவற்றுக்கும் உதவுகிறது என்பது அதன் மையம். மாண்டிசோரி திரும்பத் திரும்பக் காட்டிய உதாரணம் பவளம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சுண்ணாம்பைப் பவளப்பூச்சிகள் எடுத்துத் தங்கள் கூட்டைக் கட்டுகின்றன, அதனால் கடல் நீரின் சமன் கெடாமல் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மன்னார் வளைகுடாவே பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மண்புழுவுக்கும் தேனீக்கும் வருவோம், பிறகு மனிதருக்கு. கரூர் சார், உங்கள் ஊரில் இந்தக் கதை வீட்டு வாசலிலேயே தொடங்கும். போர்த்தியிருக்கும் போர்வையை நெய்தவர் யார்? நூல் எங்கிருந்து வந்தது, பஞ்சு யார் பறித்தது, சாயம் யார் ஏற்றினார்கள், சாயத் தண்ணீர் எங்கே போனது? நொய்யலும் அமராவதியும் பட்ட பாட்டுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்வார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பில் தான் வாழ்கிறோம் என்ற உணர்வு வந்த பிள்ளைக்கு நன்றி என்பதைப் பாடமாக நடத்த வேண்டாம்.

பார்க்கப் போவதையும் பிள்ளைகளேதான் ஏற்பாடு செய்வார்கள். யாருக்குப் போன் செய்வது, எந்த பஸ், அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து திட்டமிடுவார்கள். பள்ளிச் சுற்றுலா வேறு, இது வேறு.

என் ஆதங்கம் ஒன்று. தமிழ்நாட்டில் மாண்டிசோரி என்றால் எல்லாருக்கும் எல்.கே.ஜி. வயதுதான் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கேட்கும் முன்னாலேயே வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அஸ்திவாரத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு வீட்டைக் கட்டாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

கொடைக்காரன் | செவ்வாய், காலை 7.55

டீச்சர் சொன்ன அந்த ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பாதி பெரிய அளவில் உருவானது எங்கள் கொடைக்கானலில். இங்கேயே பலருக்கு அது தெரியாது.

மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாறில் முதல் பயிற்சி வகுப்பில் 300 பேர் வரை சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அம்மா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகஸ்ட் 31 அவருடைய 70வது பிறந்தநாள். அதையொட்டி வைஸ்ராய் மரியோவை விடுவித்தார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். இங்கே வேறு வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த ஒரு சின்னப் பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவும் உடன் வேலை செய்தார். சோலையும் பாறையும் ஏரியும் பூச்சியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடத்தில்தான், பெரிய பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் உருவம் எடுத்தது. அவருடைய முக்கியமான நூல்கள் சில முதலில் அச்சானதும் சென்னை அடையாறில்தான். இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றியப் பள்ளி டீச்சர் | செவ்வாய், இரவு 8.40

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எல்லாவற்றையும் படித்தேன். மனது நிறைந்தது, கூடவே கோபமும் வந்தது. சான் லோரென்சோவில் கூலித் தொழிலாளி பிள்ளைகளோடு தொடங்கிய ஒன்று இங்கே வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டுபவர் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டதே!

ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது அந்நியமும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்கள் ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள், எண்ணிப் பழகும் மாண்டிசோரி மணிகளும் சேர்ந்துகொண்டன. 2007-08ல் மாநிலம் முழுவதும் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தட்டில் அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி சுவரில். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள். எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்க மறந்து வேலையில் இருந்தார்கள். அந்தக் காட்சிக்காகவே அந்தத் திட்டத்தை எனக்குப் பிடிக்கும்.

எங்கே நழுவியது என்றால், ஏணிப்படியில் யார் எத்தனையாவது அட்டை என்ற பதிவேடு பெரிதாகி, பிள்ளையைப் பார்ப்பது சின்னதாகிவிட்டது. அலமாரி வந்தது, உப்புத்தாள் மேடம் சொன்ன விலகி நின்று பார்க்கும் கண்ணுக்கு நேரமும் பயிற்சியும் வரவில்லை. பிறகு திட்டம் மாறி மாறி, 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் நடக்கிறது: அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறோம். கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க அது தேவைப்பட்டது. ஆனால் அது வாசிப்பும் கணக்கும் பிடிபட உதவும் ஏற்பாடு. பிரபஞ்சத்தைப் பிள்ளை கையில் கொடுப்பது தனி வேலை.

குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பாலமந்திர் என்ற சின்னப் பிள்ளைகள் பள்ளியைத் தொடங்கி, மாண்டிசோரி எண்ணங்களை உள்ளூர்ப் பொருட்களோடும் கதை, பாட்டு, நாடகத்தோடும் கலந்து நடத்தினார். ஆச்சி கேட்டால் சந்தோஷப்படுவார், கிஜுபாய்க்குக் கதைதான் உயிர். அவர் காட்டிய வழியில் எங்களுக்கு இடம் இருக்கிறது. அந்தக் கறுப்புத் துணிக்கு என்ன செலவு? அடுத்த வாரமே என் நான்காம் வகுப்புக்கு விரிக்கப் போகிறேன்.

எண்கணக்கு | செவ்வாய், இரவு 11.20

ஆதாரம் கேட்டவன் நான்தான், தேடியதைச் சொல்கிறேன். 2006-ல் சயின்ஸ் இதழில் ஏஞ்சலின் லிலார்டும் நிக்கோல் எல்ஸ்-க்வெஸ்ட்டும் எழுதிய ஆய்வு முக்கியமானது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு பொது மாண்டிசோரிப் பள்ளிக்குக் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். விண்ணப்பித்த பெற்றோர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் என்பதால், அக்கறையுள்ள பெற்றோர்தான் காரணம் என்று தள்ளிவிட முடியாது. ஐந்து வயதில் எழுத்து, கணக்கு, பிறரோடு பழகுவது எல்லாவற்றிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். 12 வயதில் கட்டுரையும் கற்பனையும் வாக்கிய அமைப்பும் மேலாக இருந்தன. ஆனால் வாசிப்பு, கணக்குத் தேர்வுகளில் அந்த வயதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கையும் குறைவு.

2012-ல் லிலார்ட் செய்த இன்னொரு ஆய்வில், மாண்டிசோரி மெட்டீரியல் மட்டும் வைத்து முறையாக நடத்திய வகுப்புப் பிள்ளைகள், ஒர்க்‌ஷீட்டும் பொம்மையும் கலந்த வகுப்புப் பிள்ளைகளைவிட நன்றாக முன்னேறினார்கள். போர்டைப் பார்க்காதீர்கள், அறையைப் பாருங்கள் என்பதற்கு இது போதும். பிரபஞ்சக் கல்வியைத் தனியாக அளந்த ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. நன்றியுணர்வை எப்படி அளப்பது என்பது எனக்கும் புரியவில்லை. ஆனால் மார்க் போய்விடும் என்ற பயத்துக்கு இந்த எண்களில் இடமில்லை.

கரூர் அப்பா | புதன், காலை 9.05

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. நேற்று இரவு அப்பாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். பவளம் பற்றி வந்தபோது கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். பள்ளியில் எலிமென்டரி அறையைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்? தமிழ் எப்படி நடத்துவார்கள்? சின்ன வகுப்பில் எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது.

உப்புத்தாள் | புதன், மாலை 5.30

ஒரு மூலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஏதாவது ஒன்றில் வாக்குவாதம் செய்கிறார்களா பாருங்கள், இந்த வயதில் நிசப்தமான அறை எனக்குச் சந்தேகம். ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார்? பிள்ளைகளின் நோட்டில் எல்லாரும் ஒரே பக்கத்தையா எழுதியிருக்கிறார்கள்? கடைசியாகப் பிள்ளைகளே ஏற்பாடு செய்து எங்கே போய் வந்தார்கள் என்று ஒரு பிள்ளையிடமே கேளுங்கள்.

தமிழ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு வயது வரை பிள்ளை மொழியைக் கற்பதில்லை, உறிஞ்சுகிறது என்று சொன்ன ஒருவரின் பெயரில் பள்ளி நடத்திவிட்டு, வீட்டு மொழியை வாரத்தில் சில பீரியடாக ஒதுக்குவது அந்தத் தத்துவத்துக்கே எதிரானது. தமிழ் 247 எழுத்து, கஷ்டம் என்று காரணம் சொல்வார்கள். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம். இவற்றை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவ விடுங்கள். துணை எழுத்துகளைத் தனித் துண்டுகளாக வேறு நிறத்தில் வெட்டிக் கொடுங்கள். 'கெ' என்றால் கொம்பு முன்னால் வருகிறது, 'கா' என்றால் கால் பின்னால் வருகிறது, 'கொ' என்றால் இரண்டு பக்கமும். பிள்ளை துண்டுகளை நகர்த்தி நகர்த்தி அந்த ஒழுங்கைத் தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த நாளில் பார்க்கும் எல்லாப் பெயரையும் எழுத ஆரம்பிக்கும். ஆறு வயதில் தொடங்கினாலும் தாமதமில்லை, எழுத்து பிறந்த கதையைச் சொல்லும்போது கீழடிப் பானை ஓட்டில் இருக்கும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தையும் காட்டுங்கள். தன் கையில் இருக்கும் எழுத்துக்கு இவ்வளவு பழைய உறவினர் உண்டா என்று கண் விரியும்.

காரைக்குடி ஆச்சி | புதன், இரவு 7.10

கரூர் தம்பி, தாத்தாவையும் கூடவே அழைத்துப் போங்கள். அந்தத் துணை எழுத்து அட்டையை நானும் என் பேத்திக்கு வெட்டப் போகிறேன். டீச்சரம்மா, எந்த உப்புத்தாள் வாங்க வேண்டும்?

உப்புத்தாள் | புதன், இரவு 7.42

நைசான ரகம் கேளுங்கள் ஆச்சி, சொரசொரப்பு அதிகமானால் சின்ன விரல் சிவந்துவிடும். பேத்தி தடவும்போது எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள், போதும். எழுதும் திசையிலேயே விரல் போக வேண்டும், முதல் தடவை நீங்கள் மெதுவாகத் தடவிக் காட்டுங்கள்.